சிலைட்டிலிருந்து வண்ணப்படம்: ஓர் இருட்டறைத் தொழில்நுட்பமும் அதன் மூலப்பொருளும்

கலை வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கலைஞனிலிருந்தே தொடங்குகின்றனர். அவனது நோக்கு, காலம், வர்க்கச் சார்பு ஆகியன ஆராயப்படுகின்றன. அவன் கையாண்ட பொருள் எங்கிருந்து வந்தது, அதனை யார் செய்தார்கள், யார் விற்றார்கள் என்ற வினாக்கள் அடிக்குறிப்புக்குரியனவாக ஒதுக்கப்படுகின்றன. ஓவியத்தில் இவ்வாறு ஒதுக்குவதனாற் பெரிய நட்டமில்லை எனலாம். ஒரு கம்பனி சாயம் விற்பதை நிறுத்தினால் ஓவியன் மற்றொரு கடைக்குப் போவான்; அதுவும் இல்லையெனிற் கல்லையும் மண்ணையும் அரைத்துக் கொள்வான். வண்ண ஒளிப்படத்தில் நிலைமை வேறு. அங்கு மூலப்பொருளே கலையின் பெரும்பகுதி. அது ஆலையிலே செய்து முடிக்கப்பட்டு, உறையிடப்பட்டுக் கலைஞனின் கைக்கு வருவது. அதன் உள்ளமைப்பில் அவனுக்கு எவ்வித அதிகாரமும் இல்லை. சிலைட் எனப்படும் நேர்ப்படத்திலிருந்து இருட்டறையில் வண்ணப்படம் அச்சிடும் முறையின் வளர்ச்சியும் மறைவும் இதனைத் தெளிவாகக் காட்டுகின்றன.

முதலிற் சிலைட்டின் தன்மையை நோக்குதல் வேண்டும். சாதாரண வண்ணப் பிலிமிற் பதிவது எதிர்ப்படம், அதாவது நெகற்றிவ். ஒளி இருளாகவும் இருள் ஒளியாகவும், நிறங்கள் தத்தம் எதிர்நிறங்களாகவும் அதிற் காணப்படும். அதனைத் தாளில் அச்சிடும்போது எல்லாம் மறுபடியும் நேராகின்றன. எனவே நெகற்றிவ் ஓர் இடைநிலைப் பொருள். அதனை எவரும் சுவரில் மாட்டுவதில்லை. சிலைட்டோ காட்சியை நேராகவே காட்டும், முடிவு பெற்ற ஒரு படம். விளக்கின் முன் பிடித்தால் அச்சாளனுக்கு வேண்டிய நிறம் எதுவெனத் தெரிந்துவிடும். கொடக் கம்பனியின் கொடக்குரோம் 1935இலும் எக்ராக்குரோம் 1946இலும் வெளிவந்தபின், நூல்களுக்கும் சஞ்சிகைகளுக்கும் வண்ணப்படம் எடுத்தோர் நீண்டகாலம் சிலைட்டையே விரும்பினர். பதிப்பாளனும் அச்சகத்தானும் அதை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து உடனே முடிவெடுக்க முடிந்தமை இதற்கு ஒரு காரணம்.

அத்தகைய சிலைட்டைத் தாளில் அச்சிடச் சில வழிகள் இருந்தன. சிலைட்டை மற்றொரு பிலிமிற் படமெடுத்து நெகற்றிவ் ஆக்கி, அதிலிருந்து அச்சிடுவது ஒன்று. ஒவ்வொரு படியிலும் நுணுக்கம் சிறிது குறைந்துபோகும். நேர்ப்படத்திலிருந்து நேர்ப்படமே தரும் தலைகீழ்த் தாள்களைப் பயன்படுத்துவது மற்றொன்று. மூன்றாவது, சாயமாற்று முறை. மூன்று நிறங்களுக்கும் தனித்தனியே செலற்றின் அச்சுப்படலங்கள் செய்து, அவற்றைச் சாயத்தில் ஊறவைத்து, ஒன்றன்மேலொன்றாகத் தாளில் ஒற்றியெடுப்பது இது. மிக அழகிய பலனைத் தந்த இம்முறை பெருஞ்செலவும் பெருந்திறனும் வேண்டியது. வில்லியம் எகிள்ஸ்ரனின் புகழ்பெற்ற படங்கள் பல இம்முறையில் அச்சிடப்பட்டவையே. இதற்கான பொருள்களைக் கொடக் 1990களின் முற்பகுதியிற் கைவிட்டது. நாம் இங்கு விரிவாக நோக்கவிருப்பது நான்காவது வழியை. அதுவே சாயவெளிற்று முறை. சந்தையில் அது சிபாக்குரோம் எனவும் பின்னர் இல்போக்குரோம் எனவும் பெயர் பெற்றது.

ஏனைய வண்ண முறைகளிற் சாயம் படத்தைத் துலக்கும்போது உண்டாகிறது. டெவலப்பர் வெள்ளியுப்பை வெள்ளியாக மாற்றும் வேளையில், அதன் பக்கவிளைபொருள் தாளிலுள்ள வேறொரு பொருளுடன் கூடிச் சாயமாகிறது. சாயவெளிற்று முறை இதற்கு நேர்மாறானது. இங்கு மூன்று சாயங்களும் தாளில் முன்னரே முழுமையாக இருக்கின்றன. வேண்டாத இடத்தில் அவை அழிக்கப்படுகின்றன. சிற்பி வேண்டாத கல்லை நீக்கிச் சிலையைக் காண்பதுபோல இங்கு வேண்டாத சாயத்தை நீக்கிப் படம் காணப்படுகிறது என்று சொன்னால், அது வெறும் உவமையன்று. செய்முறையின் நேரடி விவரணமே.

இக்கருத்தை முதலில் வணிக அளவுக்குக் கொண்டுவந்தவர் ஹங்கேரியரான பேலா காஸ்பார். 1930களின் முற்பகுதியிற் பேர்லினில் அவர் உருவாக்கிய காஸ்பார்கலர் என்னும் திரைப்படப் பிலிம், ஒஸ்கார் பிஷிங்கர், லென் லை ஆகியோரின் பரிசோதனைக் குறும்படங்களுக்குப் பயன்பட்டது. லென் லையின் 'வானவில் நடனம்' 1936இல் வெளிவந்தது. யூதரான காஸ்பார் நாசிகளின் ஆட்சியிலிருந்து நீங்கி லண்டனுக்கும், பின் ஹொலிவூட்டுக்கும் சென்றார். ஆயினும் இம்முறை கமராவுக்குரிய பிலிமாக வளரவில்லை. காரணம் எளியது. சாயங்கள் ஒளியுணர் படைகளுக்குள்ளேயே இருப்பதால் உள்வரும் ஒளியின் பெரும்பகுதியை அவையே உறிஞ்சிவிடுகின்றன. ஆகவே பிலிமின் உணர்திறன் மிகக் குறைவு. ஓடும் குதிரையை அதிற் பிடிக்க இயலாது. ஆனால் இருட்டறையில் உருப்பெருக்கியின் கீழ் அசையாது கிடக்கும் தாளுக்குச் சில விநாடி கூடுதலாக ஒளி கொடுப்பதில் என்ன தடை? கமராவிற் குறையாக இருந்தது தாளிற் பொறுக்கத்தக்கதாயிற்று. அதே சாயங்கள் படைக்குள் ஒளி சிதறுவதைத் தடுப்பதால், படத்தின் கூர்மை மிகுந்தது என்பதும் கூடவே வந்த பேறு.

இந்தத் தாளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது ஓர் ஒளிப்படக் கம்பனியன்று, சாயக் கம்பனி என்பது நோக்கற்பாலது. சுவிற்சலாந்தின் பாசல் நகரிலிருந்த சிபா நிறுவனத்தின் பெயரே பாசல் இரசாயனக் கைத்தொழில் என்பதன் சுருக்கமாகும். துணிகளுக்கான சாயங்களே அதன் அடித்தளம். அவற்றுள் அசோ சாயங்கள் முக்கியமானவை. அதே இனத்துச் சாயங்களைத் தாளிற் பயன்படுத்தும் சிபாக்குரோம் 1963இல் அறிமுகமாயிற்று. இங்கிலாந்தின் இல்போட் கம்பனியும் 1960களில் சிபாவின் உடைமையாயிற்று. தாள் சுவிற்சலாந்தின் பிரிபோர்க்கை அடுத்த மார்லியில் தயாரிக்கப்பட்டது. 1970களின் நடுப்பகுதியில் வீட்டு இருட்டறைகளுக்கான சிறு பொதிகள் கடைகளுக்கு வந்தபோது, அதுவரை பெரிய ஆய்வுகூடங்களுக்கே உரியதாக இருந்த வேலையைக் குளியலறையிற் செய்யலாம் என்றாயிற்று. ஒளிப்படக் கலையின் வரலாற்றில் இது சிறிய விடயமன்று. நடுத்தர வருமானமுடைய ஆசிரியரும் எழுதுவினைஞரும் தமது சிலைட்டைத் தாமே அச்சிடும் வாய்ப்பைப் பெற்றனர்.

இனித் தாளின் அமைப்பைக் காண்போம். 'தாள்' என்று சொன்னாலும், அதன் பளபளப்பான வகை வெண்ணிறமூட்டிய பொலியெஸ்ரர் தகடேயாகும். அதன்மீது வெள்ளி ஏலைட்டுக் கலந்த செலற்றின் படைகள் பூசப்பட்டுள்ளன. நீல ஒளியை உணரும் படையில் மஞ்சட் சாயமும், பச்சை ஒளியை உணரும் படையில் மசெந்தா என்னும் ஊதாச்சிவப்புச் சாயமும், சிவப்பொளியை உணரும் படையில் சயன் என்னும் பசுநீலச் சாயமும் இருக்கின்றன. மூன்றும் முழுமையாக இருப்பதால், ஒளியே படாத தாளைத் துலக்கினால் அது கரியதாக வரும்.

சிலைட்டில் நீலவானம் உள்ளதெனக் கொள்வோம். அதனூடாக வரும் நீல ஒளி முதற்படையைத் தாக்குகிறது. கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் பயன்படுவதைப் போன்ற டெவலப்பரிலே தாளை இட்டால், ஒளிபட்ட இடத்தில் உலோக வெள்ளி தோன்றுகிறது. அடுத்து வருவது வெளிற்றும் திரவம். இதுவே இம்முறையின் உயிர்நிலை. வலிய அமிலமும் ஓர் ஊக்கியும் சேர்ந்த இத்திரவத்தில் வெள்ளி தாக்கமடையும்போது, அதன் அருகேயுள்ள சாயத்தையும் அழிக்கிறது. அசோ சாய மூலக்கூறொன்றின் நடுவே இரட்டைப் பிணைப்பால் இணைந்த இரு நைதரசன் அணுக்கள் உள்ளன. நிறத்துக்கு அப்பிணைப்பே அடிப்படை. அது உடைந்ததும் எஞ்சுபவை நிறமற்ற சிறு துண்டுகள். நீரிற் கழுவுண்டு போகின்றன. எவ்வளவு வெள்ளி உண்டோ அந்த அளவுக்கே சாயம் அழியும். நமது எடுத்துக்காட்டில் மஞ்சள் நீங்க, மசெந்தாவும் சயனும் எஞ்சுகின்றன. அவ்விரண்டும் கூடினால் நீலம். வானம் நீலமாகவே வந்துவிட்டது. இறுதியிற் பிக்சர் எனப்படும் நிலைநிறுத்தி மிகுதி வெள்ளியுப்பைக் கரைத்துவிட, தாளில் வெள்ளியே இல்லாமற் சாயம் மட்டும் தங்குகிறது.

வீட்டுப் பொதியில் இவ்வேலை டெவலப்பர், வெளிற்றி, பிக்சர், கழுவல் என ஒவ்வொன்றும் மூன்று நிமிடமளவில், 24 பாகை செல்சியசில் நடந்தது. ஐரோப்பியக் குளிர்காலத்தில் அந்த வெப்பநிலைக்குத் திரவத்தைச் சூடாக்க வேண்டும். எமது தாழ்நிலங்களிலோ பனிக்கட்டி தேவைப்படும். தாளை முழு இருளில் ஓர் உருளைக் குழாயினுள் இட்டு மூடியபின் விளக்கை ஏற்றிக்கொண்டு, மேசையில் அதை உருட்டிக்கொண்டே திரவங்களை மாற்றலாம். வெளிற்றியின் அமிலம் பாத்திரத்தையும் கைகளையும் அரிக்கும். பயன்படுத்திய பிக்சருடன் அது கலந்தால் கந்தகவீரொட்சைட்டின் நெடி எழும். ஆகவே ஊற்றுமுன் அப்பச்சோடா போன்ற காரப்பொருளால் அதனை நடுநிலையாக்க வேண்டும். இத்தகைய வேலையைக் காற்றோட்டமற்ற அறையில் ஆண்டுக்கணக்காகச் செய்தோரின் உடல்நலம் பற்றிக் கலை விமரிசகர்கள் எழுதுவது அரிது.

நெகற்றிவ் அச்சிற் பழகிய கைக்கு இங்கே எல்லாம் தலைகீழாகத் தோன்றும். அங்கு அதிக ஒளி கொடுத்தாற் படம் கறுக்கும், இங்கு வெளுக்கும். ஒரு மூலை இருண்டிருந்தால் அங்கே கூடுதல் ஒளி கொடுக்க வேண்டும். படம் மஞ்சளாகச் சாய்ந்தால் உருப்பெருக்கியிலுள்ள மஞ்சள் வடிகட்டியைக் குறைக்க வேண்டும். நெகற்றிவ் அச்சிலோ கூட்ட வேண்டும். சிலைட்டில் ஒட்டிய தூசி, நெகற்றிவ் அச்சில் வெண்புள்ளியாக வருவது, இங்குக் கரும்புள்ளியாக வரும். வெண்புள்ளியைத் தூரிகையால் நிரப்பலாம். கரும்புள்ளியை என் செய்வது? முதலிலேயே தூசி இல்லாமற் பார்த்துக்கொள்வதே வழி. மேலும் ஈரத் தாள் செம்மையாகத் தோன்றும். முற்றாக உலர்ந்தபின்னரே நிறத்தைத் தீர்மானிக்கலாம். பொறுமை இல்லாதவன் இரண்டாவது தாளையும் வீணாக்குவான்.

இவற்றிலும் பெரிய இடர் முரண்மிகுதி. சிலைட்டின் மிகத் தெளிந்த பகுதிக்கும் மிக இருண்ட பகுதிக்கும் இடையேயுள்ள ஒளி விகிதம் ஏறத்தாழ 1000க்கு ஒன்று. எத்தாளாயினும் தெறிக்கும் ஒளியிற் காட்டக்கூடியது ஏறத்தாழ 100க்கு ஒன்றே. சிபாக்குரோம் இயல்பாகவே கடுமையான தாளாதலால், வெளிச்சம் வெறும் வெள்ளையாகவும் நிழல் வெறும் கருமையாகவும் போய்விடும். திறமையான அச்சாளர்கள் இதற்குக் கண்ட தீர்வு, மறைபடலம். சிலைட்டின்மீது கறுப்பு வெள்ளைப் பிலிமொன்றை வைத்து, சிறிதே ஒளி கொடுத்து, வேண்டுமென்றே சற்று மங்கலான ஒரு மெல்லிய நெகற்றிவை உண்டாக்குவர். அதனைச் சிலைட்டுடன் மயிரிழை பிசகாமற் பொருத்தி இரண்டையும் சேர்த்து அச்சிட்டால், வெளிச்சமான பகுதிகள் சிறிது தடுக்கப்பட்டு முரண் தணியும். மறைபடலத்தின் செறிவை எவ்வளவு வைப்பது என்பதைப் பொதியுடன் வரும் தாளில் எவரும் எழுதியதில்லை. அது கண்ணாலும் கையாலும் கற்றது. ஒரே சிலைட்டிலிருந்து இருவர் அச்சிட்ட படங்கள் வேறுபடுவது இங்கேதான். இத்தொழிலில் உழைப்பாளியின் திறன் என்று சொல்லத்தக்கதன் பெரும்பங்கு இதில் அடங்கியிருந்தது.

பலன் அந்த உழைப்புக்குத் தக்கதாகவே இருந்தது. துலக்கும்போது உண்டாகவேண்டிய கட்டாயம் இல்லாததால், தூய்மையும் உறுதியும் மிக்க சாயங்களைத் தெரிந்தெடுக்க இரசாயனவியலாளரால் முடிந்தது. இருளில் வைத்துப் பாதுகாக்கப்படும் சிபாக்குரோம் படத்தின் நிறம் நெடுங்காலம் மாறாது. எனினும் எல்லா நிலைகளிலும் அது அழியாதது என்ற விளம்பரக் கூற்றை ஏற்பதற்கில்லை. வண்ணப்படங்களின் நிலைபேறு பற்றிய தமது பெருநூலை 1993இல் வெளியிட்ட ஹென்றி வில்ஹெல்ம், காட்சிக்கு மாட்டப்பட்டுத் தொடர்ந்து ஒளிபடும்போது இதன் நிலைபேறு அத்துணை சிறப்பானதன்று எனக் காட்டினார். ஆயினும் அருங்காட்சியகங்களும் கலைஞர்களும் இதனை நாடினர். கனேடியரான ஜெப் வோல் 1978இல் 'அழிக்கப்பட்ட அறை' முதலாகத் தமது பெரும் ஒளிப்பெட்டிப் படங்களுக்குப் பயன்படுத்தியது, இதே பொருளின் ஒளிபுகும் வகையையே.

இத்தகைய பொருள் ஏன் மறைந்தது? இலக்கமுறைக் கமரா வந்தது, பிலிம் போயிற்று என்பது வழக்கமான விடை. அது உண்மையின் ஒரு பாதி மட்டுமே. உடைமை வரலாற்றைப் பாருங்கள். இல்போட் 1989இல் அமெரிக்காவின் இன்ரர்நாஷனல் பேப்பர் நிறுவனத்துக்குக் கைமாறிற்று. தாள் இல்போக்குரோம் ஆனது அதன் பின்னரே. 1997இல் அது ஒரு முதலீட்டு நிறுவனத்தின் கைக்குச் சென்றது. 2004இல் இங்கிலாந்துப் பிரிவு முறிந்தது. 2005இல் சுவிஸ் பிரிவை யப்பானின் ஓஜி காகித நிறுவனம் வாங்கிற்று. 2010இல் அதுவும் விற்றுவிட்டது. 2011-12இல் இல்போக்குரோமின் இறுதி உற்பத்தி நடைபெற்றது. 2013 டிசெம்பரில் மார்லி ஆலையின் நிறுவனமே வங்குரோத்தானது. ஒரு கால் நூற்றாண்டுக்குள் பல உடைமையாளர். அவர்களிற் சாயத் தொழிலிலிருந்து வந்தவர் ஒருவரும் இலர்.

இதனோடு ஒப்பிடத்தக்கது இங்கிலாந்துப் பிரிவின் கதை. 2004இல் முறிந்த அதனை அங்கு பணியாற்றிய முகாமையாளர்களே வாங்கி ஹாமன் என்ற பெயரில் நடத்தினர். கறுப்பு வெள்ளைப் பிலிமும் தாளும் அங்கு இன்றும் உற்பத்தியாகின்றன. இரு பொருள்களும் ஒரே சந்தையிற் சுருங்கியவை. ஒன்று பிழைத்தது, மற்றொன்று மடிந்தது. வேறுபாடு இரசாயனத்திலும் உண்டு. கறுப்பு வெள்ளைத் தாளுக்கு ஒளியுணர் படை ஒன்று போதும். அதைச் சிற்றாலையிலும், ஏன், பொறுமை மிக்க தனியொருவரின் அறையிலும் பூசலாம். 19ஆம் நூற்றாண்டில் அவ்வாறே செய்தனர். சாயவெளிற்றுத் தாளுக்கோ பல படைகளைச் சீரான தடிப்பில், முழு இருளில், மீற்றர் கணக்கான அகலத்திற் பூசும் இயந்திரம் வேண்டும். அத்தகைய இயந்திரத்தை ஒரு சிறு தேவைக்காக இயக்குவது கட்டாது. ஒருமுறை ஓடினால் மிகப் பெருந்தொகை தாள் வெளிவரும், அதனை வாங்க ஆளும் வேண்டும். ஆயிரம் பேர் விரும்புவதால் மட்டும் ஒரு பொருள் இருக்க முடியாது. அந்த இயந்திரத்துக்கு எத்தனை பேர் போதும் என்பதே கணக்கு. உற்பத்தி முறை பெரிதாகப் பெரிதாக, சிறு தொகையினரின் தேவை அதற்குத் தேவையே அல்லாததாகிவிடுகிறது.

உற்பத்தி நின்றபின் இருட்டறைகளில் நிகழ்ந்தது வேறொரு பாடம். பணமுடையோர் இறுதி உற்பத்தியிலிருந்து தாளை மொத்தமாக வாங்கி உறைகுளிரில் வைத்தனர். 8க்கு 10 அங்குலச் சிலைட்டுகளிலிருந்து தாமே அச்சிட்டுவந்த அமெரிக்க நிலக்காட்சிக் கலைஞர் கிறிஸ்ரோபர் பேர்கெற் இதற்கு நன்கறியப்பட்ட உதாரணம். உறைகுளிர் முதுமையைத் தாமதப்படுத்துமேயன்றித் தடுக்காது. மூன்று படைகளும் ஒரே வேகத்தில் மூப்படைவதில்லையாதலால் பழைய தாளில் நிறச்சமநிலை சாயும். சிறிய தொகையாக வாங்கியோர் விரைவில் மற்றொரு முடையைக் கண்டனர்: கையில் தாள் உண்டு, பொதியிலிருந்த வெளிற்றி தீர்ந்துவிட்டது. இங்கே ஒரு முரணைக் காணலாம். டெவலப்பரும் பிக்சரும் பொதுவான பொருள்கள். வெளிற்றியின் வகைகள், ஊக்கிகளாகப் பயன்படும் குயினொக்சலீன், பிரசீன் ஆகியவற்றின் பெயர்கள் உட்பட, கம்பனியின் பழைய ஆக்கவுரிமைப் பத்திரங்களில் அச்சேறியிருக்கின்றன. இரசாயனம் அறிந்தவர் அவற்றைப் பார்த்துக் கலந்துகொள்ளலாம். தாளின் செய்முறையும் ஓரளவு அதே பத்திரங்களில் உண்டு. ஆயினும் அதைப் படித்து எவராலும் தாள் செய்ய இயலாது. அறிவு பொதுவுடைமையாகிவிட்டது, கருவி ஆகவில்லை.

இன்று சிலைட்டை இருட்டறையில் அச்சிட விரும்புவோர்க்கு எஞ்சியுள்ள வழி, நெகற்றிவுக்கென இன்னும் உற்பத்தியாகும் சாதாரண வண்ணத் தாளைத் தலைகீழாகத் துலக்குவது. தாளை முழு இருளிற் சிலைட்டின்கீழ் ஒளிபடச் செய்து, முதலிற் கறுப்பு வெள்ளை டெவலப்பரில் இடுவர். இதில் ஒளிபட்ட இடங்கள் வெள்ளியாகும், சாயம் உண்டாகாது. நன்றாகக் கழுவியபின் விளக்கை ஏற்றி எஞ்சிய வெள்ளியுப்பு முழுவதையும் ஒளிபடுத்தி, வண்ண டெவலப்பரில் இட்டால், முன்பு ஒளிபடாத இடங்களிலேயே சாயம் தோன்றும். பின்னர் வெள்ளியை நீக்கிவிட நேர்ப்படம் கிடைக்கும். வெளிற்றியின் கடும் அமிலம் இங்கு இல்லை என்பது ஒரு நன்மை.

ஆனால் இரு தடைகள் உள்ளன. வண்ண நெகற்றிவ் பிலிமில் ஒரு செம்மஞ்சட் சாயல் எப்போதும் இருக்கும். தாள் அதனை எதிர்பார்த்தே செய்யப்பட்டது. சிலைட்டில் அது இல்லை. ஆகவே மஞ்சள், மசெந்தா வடிகட்டிகளை மிகுதியாக இட்டு அச்சாயலை ஈடுசெய்ய வேண்டும். அப்போதும் நிழலில் ஒரு நிறமும் வெளிச்சத்தில் வேறொரு நிறமும் சாய்ந்து நிற்கலாம். அதற்கு வடிகட்டியில் மருந்தில்லை. இரண்டாவது தடை மீண்டும் முரண்மிகுதி. நெகற்றிவ் மென்மையானது, அதைத் தாள் கடுமையாக்கிச் சமப்படுத்துகிறது. சிலைட் ஏற்கெனவே கடுமையானது; கடுமையோடு கடுமை சேர்கிறது. முதல் டெவலப்பரை நீர்க்கச் செய்தல், அச்சிடுமுன் தாள் முழுவதற்கும் மிகச் சிறிய ஒளியைக் கொடுத்து நிழற்பகுதிகளைத் தளர்த்துதல் ஆகியன ஓரளவு உதவும். நன்கு உதவுவது பழைய மறைபடலமே. சிபாக்குரோமுக்காக அச்சாளர்கள் பயின்ற கைத்திறன், அத்தாள் போனபின்னும் இவ்வாறு வேறொரு தாளிற் பயன்படுகிறது.

சிலைட்டை இலக்கமுறையில் வருடி, லேசர் ஒளியால் வண்ணத்தாளில் எழுதுவதோ, நிறமித்துகள் மையால் அச்சிடுவதோ இன்றைய பொது வழி. அவற்றின் தரத்தைக் குறைத்துப் பேசுவது நேர்மையன்று. முரணைக் கட்டுப்படுத்துவதில் அவை மறைபடலத்திலும் எளியவை, இருளில் எவரும் அமிலத்தை முகரவேண்டியதில்லை. ஆயினும் அங்கும் மையைச் செய்பவரும் பொறியைச் செய்பவரும் ஒரு சிலரே என்பதை இங்கே கூறிவைத்தல் பொருந்தும்.

சிலைட் பிலிம் இன்னும் உண்டு. கொடக்குரோமின் உற்பத்தி 2009இல் நிறுத்தப்பட்டது. அதைத் துலக்கிய கடைசி நிலையம், கன்சாஸ் மாநிலத்தின் பார்சன்ஸ் என்ற சிற்றூரிலிருந்தது, 2010 டிசெம்பர் 30ஆந் திகதியுடன் புதிய றோல்களை ஏற்பதை நிறுத்திற்று. 2012இற் கைவிடப்பட்ட எக்ராக்குரோமைக் கொடக் 2018இல் மீண்டும் சந்தைக்குக் கொண்டுவந்தது. திரைப்படத்துக்கான பிலிமைப் பூசும் இயந்திரங்கள் அங்கே ஓடிக்கொண்டிருந்தமையால் அது இயன்றது. அப்பிலிமிற் பதியும் படத்தை நேராக ஏற்பதற்கென ஒரு தாளை இதுவரை எவரும் மீண்டும் செய்யவில்லை.